முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்றவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து செண்பகத்தின் அண்ணன். "சார், தங்கச்சி போயிட்டா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. கோவில்பட்டிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு." திறந்து கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக மூடினேன். அதன்பிறகுதான் உட்காரத் தோன்றியது.

பதினோரு வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதத் தோலிலிருந்து எடுத்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, ரத்தமாகவோ நரம்பாகவோ வளரக்கூடிய மூலச்செல்லாக மாற்றுவது எங்கள் வேலை. செல் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ. அங்கங்கே அறுந்துபோகும், நல்ல செல் அதைச் சரிசெய்துகொள்ளும். மாற்றப்பட்ட செல் சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பதுதான் செண்பகத்தின் பொறுப்பு. "வேகமா வளருதுன்னு சந்தோஷப்படாதீங்க. சரிபண்ணிட்டு வளருதா, சரிபண்ணாமலே வளருதான்னு பாருங்க" என்பார்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ஒருவரை இங்கே கந்தசாமி என்று அழைக்கிறேன். அவர் மகள் தேன்மொழிக்குப் பத்தொன்பது வயது. அறுந்த டி.என்.ஏ.யைச் சரிசெய்ய முடியாத குறை அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது குறைந்துகொண்டே வந்தது. அவள் தோல் செல்லில் அந்தக் குறையைத் திருத்தி, மூலச்செல்லாக்கி, அதிலிருந்து ரத்தச் செல்களை வளர்த்தோம். அவற்றை அவள் உடலில் ஏற்றுவதற்கு ஒரு மருத்துவமனை முன்வந்தது. அனுமதியும் கிடைத்தது. செண்பகமே கந்தசாமியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்று சொன்னார். செல்கள் நன்றாக இருப்பதாக எழுதிய அறிக்கையில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

ஏற்றுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, யாரும் கேட்காமலே அவர் செல்களை மறுபடி சோதித்தார். என்னை நுண்ணோக்கிக்கு அழைத்து, "இதைப் பாருங்க" என்றார். சில செல்களில் ஒரு குரோமோசோமின் துண்டு கூடுதலாக ஒட்டியிருந்தது. அறுந்த இடம் தப்பாக இணைந்திருந்தது.

"கொஞ்சம்தானே இருக்கு? இதை விட்டா அந்தப் பொண்ணுக்கு வேற வழி இல்லை" என்றேன். அப்படிச் சொன்னதை இன்று மறைக்க விரும்பவில்லை.

"இது அவ ஒடம்புல புத்துநோயா மாறிட்டா?" என்று கேட்டார். "போன்ல சொல்லக் கூடாது. நல்ல சேதிய போன்ல சொன்னேன். இத நேர்ல போய்ச் சொல்லணும்."

மறுநாள் இருவரும் கோவில்பட்டியில் இறங்கினோம். கந்தசாமி வீட்டு முன்கூடத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. செண்பகம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

கந்தசாமியின் முகம் கறுத்தது. "போன வாரம் நல்லாருக்குன்னீங்க, இன்னைக்கு இல்லங்கீங்க. எம்புள்ள ஒங்களுக்கு வெளயாட்டாத் தெரியுதாளா?"

"தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி."

உள்ளறையிலிருந்து தேன்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "கெட்ட செல்ல மட்டும் எடுத்துப் போட்டுற முடியாதாக்கா?"

"ஒண்ணு தப்பினாலும் அது பெருகிரும்மா."

"நீங்க இப்ப பாத்தது தப்பா இருந்தா?"

"இருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியல. தெரியாத ஒண்ண ஒன் ஒடம்புல ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன்."

"வெளிய போங்க" என்றார் கந்தசாமி.

ரயில் வரும்வரை நிலையத்தில் செண்பகம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அவ செத்துட்டா நான்தான் காரணம், இல்லையா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

தந்தையின் மஜ்ஜை பாதிதான் பொருந்தும், ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் முன்பு ஒதுக்கியிருந்தார்கள். இப்போது அதுதான் மிச்சம். கந்தசாமி கொடுத்தார். அடுத்த ஐந்து வாரமும் காய்ச்சல், தொற்று, மூச்சுத்திணறல். செண்பகம் தினமும் காலையில் கந்தசாமியைக் கூப்பிடுவார். அவர் எடுக்க மாட்டார். பிறகு செவிலியரிடம் கேட்டுக்கொள்வார். ஆறாவது வாரம் ஒருநாள் கந்தசாமியே எடுத்தார். "கஞ்சி குடிச்சா டாக்டரம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். செண்பகம் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆய்வகத்தில் நிறுத்தி வைத்த அந்தச் செல்களைத் தொடர்ந்து வளர்த்தோம். மூன்று மாதத்தில் கோளாறான செல்கள் தட்டு முழுவதையும் பிடித்துவிட்டன. "நீங்க சொன்னதே சரி" என்று நான் குதித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல நல்லாருக்குன்னு எழுதினதும் நாமதானே சார்."

எப்போதும்வென்றானில் செண்பகத்தின் காரியம் முடிந்தபோது தந்தையும் மகளும் வந்திருந்தார்கள். வெயிலில் வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணில் தேன்மொழி யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தாள். கந்தசாமி என் கையைப் பிடித்தார். "அன்னைக்கு வெளிய போகச் சொன்னேம்லா" என்றார்.

செண்பகத்தின் துணிச்சல் எனக்கு வந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய். எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பயம். நேற்று என் மேசைக்கு ஓர் அறிக்கை வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, எல்லோரும் காத்திருந்தார்கள். பேனாவை மூடிவிட்டு, தட்டுகளை மறுபடி வெளியே எடுத்தேன்.