துண்டுப் பிரிவுக்குப் போன சித்தி

வேலை முடிந்து வந்ததும் சித்தி எங்கள் கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் உயரத் தூக்கி வைத்துக்கொள்வாள். பகல் முழுக்க நின்ற கால்களில் இறங்கியிருந்த வீக்கம் அப்படித்தான் வடியும். அந்தக் கோலத்திலேயே தி. நகர் ஜவுளிக்கடையில் அன்று நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

சித்தி பட்டுப் பிரிவில் நெடுங்காலமாக விற்பனைப் பெண். அவளிடம் தொழில் பழகிய ஆண்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பிரிவுக்கே இன்சார்ஜ் ஆனார்கள். அந்தக் கடையில் எந்தப் பெண்ணும் இன்சார்ஜ் ஆனதில்லை. நந்தனம் கல்லூரியில் எம்.ஏ. ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது, பெண்களுக்கு வேலையிடத்தில் நடக்கும் அநீதி என்று நான் எழுதிக்கொடுத்ததற்கு அந்த மூவரும்தான் காரணம். சித்திக்கு ஒரே சிரிப்பு. "அநீதியா? எனக்கா? பெரிய வார்த்தையா கீதே" என்றாள். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கால்களைச் சுவரில் வைத்தபடியே.

ஒரு கேள்விக்கு மட்டும் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இன்சார்ஜ் பதவியை எப்போதாவது வாய்விட்டுக் கேட்டிருக்கிறாளா என்றுதான் கேட்டேன்.

"இல்லடி. அவங்களே பாத்துக் குடுப்பாங்கன்னு இருந்துட்டேன்."

அடுத்த வாரமே, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், முதலாளி அண்ணாச்சியிடம் போய்க் கேட்டுவிட்டாள். இன்சார்ஜ் என்றால் காஞ்சிபுரத்துக்குக் கொள்முதலுக்கு யார் அலைவது என்றாராம் அவர். நான் போகிறேன் என்றாளாம் இவள். யோசிப்பதாகச் சொன்னவர், இரண்டு நாளில் அவளை அடித்தளத்துக்கு மாற்றினார். அங்கே துண்டும் போர்வையும்தான் வியாபாரம்.

அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். படிப்பு படிப்பு என்று தங்கை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றாள். பயத்தில் நான் தலைப்பையே மாற்றிவிடுவதாகச் சொன்னேன். சித்தி சம்மதிக்கவில்லை. மாற்றினால் இனிமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று மிரட்டிவிட்டு, துண்டு வாங்க வந்த தாத்தா ஒருவர் அதைக் கட்டிப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்த கதையை நடித்துக் காட்டினாள்.

அப்போது முகூர்த்த மாதம். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடையில் கல்யாணப் புடவை எடுக்கும் மயிலாப்பூர்க் குடும்பம் ஒன்று வந்தது. சித்தி எங்கே என்று விசாரித்து, மணப்பெண் உட்பட அத்தனை பேரும் அடித்தளத்துக்கு இறங்கிவிட்டார்கள். அவள் எடுத்துக் காட்டாமல் புடவை எடுப்பதில்லை என்று துண்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தும்விட்டார்கள். கடைசியில் அண்ணாச்சியே இறங்கி வந்தார். சித்தியை மேலே வரச்சொன்னார்.

சித்தி கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாளாம். பிறகு சொன்னாளாம்: "இன்சார்ஜா வர்றேன் அண்ணாச்சி. இல்லேன்னா எனக்கு இங்கயே நல்லா கீது."

அண்ணாச்சி மணப்பெண் வீட்டாரைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "சரிம்மா, வா" என்றார். அந்த இரண்டு வார்த்தையை அன்று மாலை சித்தி பலமுறை நடித்துக் காட்டினாள்.

அந்த ஆய்வை எழுதி முடித்தேன். இன்றும் அதே ஆய்வுத் துறையில்தான் இருக்கிறேன். போன வாரம் புடவை எடுக்க சித்தியின் கடைக்குப் போயிருந்தேன். விற்பனைப் பெண்களுக்கு முக்காலி வந்திருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்த சித்தியிடம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, முக்காலியை விட்டு எழுந்திருக்காமலே, தான் எப்போது இன்சார்ஜ் ஆகலாம் என்று கேட்டாள்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியா, இன்னும் பொடவ மடிக்கவே வரல இவளுக்கு. அதுக்குள்ள கேட்டுட்டா."