சிவப்புக் கட்டத்தில் அரிசி

சென்ற ஆண்டு சம்பா நடவு சமயத்தில், சுவாமிமலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்குத் தெளிவாக வரும். அதனால் முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆடி மாதம் தொடங்கி என் அண்ணிக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உப்புசம், கடமுடாச் சத்தம், வாரத்தில் நான்கு நாள் பேதி.
2. எந்த உணவு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, புரட்டாசியில் ஒரு டெஸ்ட் கிட் ஆர்டர் செய்தேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அண்ணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. விரல் நுனியில் குத்தி, ரத்தச் சொட்டை அட்டையில் வைத்து கூரியரில் அனுப்பினோம்.
3. பத்து நாளில் ரிப்போர்ட் ஃபோனுக்கு வந்தது. அண்ணிக்கு அரிசி சிவப்புக் கட்டத்தில் இருந்தது. சிவப்பு என்றால் தொடவே கூடாது.
4. அண்ணி அன்றே சோற்றை நிறுத்தினார்.
5. மூன்று வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தார். நடவு அன்று வரப்பிலேயே மயங்கி விழுந்தார்.
6. மறுநாள் காலை இட்லிக்கு அரிசி களையும்போது எனக்கு விஷயம் புரிந்தது.

அந்த ஆறாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். இங்கே மூன்று ஏக்கர் சாகுபடியை முழுவதும் கவனிப்பது அண்ணிதான். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், நடவுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கி, எடைக் கருவிகளையும் ஆய்வகக் கருவிகளையும் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். ஒரு கருவி காட்டும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் என் தொழில். இதை இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

அந்த ரிப்போர்ட் பதினெட்டுப் பக்கம். வண்ண வண்ணக் கட்டங்கள். பார்த்தவுடன் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்று மாதப் புதிருக்கு விடை கிடைத்துவிட்டதே! அரிசி, உளுந்து, புளி எல்லாம் சிவப்பு. பால் மஞ்சள், அதாவது அளவோடு சேர்க்கலாம். பச்சைக் கட்டத்தில் அண்ணி கேள்வியே படாத பெயர்கள்.

"அவகாடோவா? அது நம்ம ஊருல எந்தக் கடையில விக்குது, நாத்தனாரே? வயல் முழுக்க நெல்லு விளையுது, நான் அவகாடோ தேடிக்கிட்டு கும்பகோணம் போறதா?" என்று சிரித்தார்.

சிரித்தாலும், முதலில் அரிசியை மட்டும் நிறுத்திப் பார்ப்போம், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று நான் சொன்னதைக் கேட்டார். படித்த பெண் சொல்கிறேன், கருவி வேலை செய்பவள் சொல்கிறேன் என்ற நம்பிக்கை. மதியம் சோற்றுக்குப் பதில் பாலில் ஓட்ஸ். தெம்புக்கு, அண்ணன் ஆனி மாதம் அனுப்பிய டப்பா சத்துமாவைப் பாலில் கலந்து, அப்போதிருந்தே குடித்துவந்தது போலக் காலையும் மாலையும் ஒரு டம்ளர். நான் ஃபோனிலேயே ஒரு அட்டவணை தயாரித்தேன். தேதி, அரிசி, மற்ற உணவு, தொந்தரவு என்று நான்கு பத்தி. தினமும் இரவு விடுதியிலிருந்து அண்ணியை அழைத்து, அவர் சொல்லச் சொல்ல நிரப்பினேன். அரிசி என்ற பத்தியில் இருபத்தோரு நாளும் பூஜ்யம். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்கான அட்டவணை பார்த்ததில்லை.

தொந்தரவு மட்டும் குறையவில்லை. "உடம்பிலிருந்து பழைய அரிசி போக நாளாகும் அண்ணி" என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன்.

நடவு அன்று மதியம் அம்மா அழைத்தார். குரலே சரியில்லை. "வரப்புல விழுந்துட்டாடி. நடவுக்கு வந்தவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க." நான் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும்போது பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, வெயில் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அண்ணியின் கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

மறுநாள் காலை அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்ய, நான் மாவுக்கு ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நாலுக்கு ஒண்ணு உளுந்து பாப்பா. அரிசியை இன்னும் ரெண்டு தண்ணி களை."

களைந்துகொண்டே, நேற்றைய வரி அட்டவணையில் விட்டுப்போனது நினைவுக்கு வர, "அண்ணி, நேத்து அரிசி ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் அரிசியத் தொடுறேன்? மூணு வாரமாச்சு."

"அப்ப காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"நாலு இட்லி."

என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை இட்லி அரிசிக்குள் இருந்தன. அப்படியே நின்றுவிட்டேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார்.

நான் "அரிசி" என்று எழுதியதை அவர் "சோறு" என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் விரத நாளில் சோறு கிடையாது, பலகாரம்தான் என்று இட்லி தோசை சாப்பிடுவோம். அதே கணக்கு. சனி ஞாயிறுகளில் நானே பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு இடியாப்பம் பரிமாறியிருக்கிறேன். மற்ற உணவுப் பத்தியில் தினமும் இட்லி, தோசை என்று எழுதியும் எனக்கும் தோன்றவில்லை! மூன்று வாரமும் காலையும் இரவும் அரிசி உள்ளே போய்க்கொண்டேதான் இருந்தது.

சிரித்துச் சிரித்து அண்ணிக்கு மூச்சு வாங்கியது. எனக்கோ உள்ளே வேறொன்று ஓடியது. கையைத் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன். அரிசிப் பத்தி முழுவதும் பொய் என்றால், மற்ற பத்திகள் மட்டும்தான் உண்மை. தொந்தரவே இல்லாத நாட்களைத் தேடினேன். மூன்றே மூன்று. மூன்றும் அடுத்தடுத்த நாட்கள். அண்ணி மயிலாடுதுறையில் தாய் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்த நாட்கள்; மற்ற உணவுப் பத்தியில் 'வெளியூர்' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"அங்க என்ன சாப்பிட்டீங்க?"

"என்னத்த விட்டேன்? இட்லி, இடியாப்பம், தயிர் வடை. அந்த மாவு டப்பாவத்தான் இங்கயே மறந்து வெச்சிட்டுப் போயிட்டேன். ஓட்ஸும் இல்ல."

மாவு, ஓட்ஸ் இரண்டையும் கலந்து குடித்தது பாலில்தான். அப்படியென்றால் பால்! ஆனி மாதம் டப்பா வந்தது, ஆடியில் வயிற்றுத் தொந்தரவு வந்தது. நான் வேறு மதியத்துக்கும் பாலைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் ரிப்போர்ட்டைத் திறந்தேன். எனக்கும் அரிசி சிவப்பு, உளுந்து சிவப்பு, புளி சிவப்பு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லாததால் அதை அன்றே மூடி வைத்திருந்தேன். எனக்குத் தவறு என்று ஒதுக்கிய கருவியை அண்ணிக்கு மட்டும் சரி என்று நம்பியிருக்கிறேன்.

இந்த முறை நானே தீர்ப்புச் சொல்லவில்லை. திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஒரு வயிற்று மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சாப்பாடுதானே? சோறு திங்கிற ஊர்ல ரத்தத்துல அரிசிக்கு எதிர்ப்பொருள், அதான் இந்த டெஸ்ட் அளக்கிற ஆன்டிபாடி, இல்லாம இருக்குமா? உடம்பு அரிசியத் தெரியும்னு சொல்லுதும்மா. பிடிக்கலைன்னு சொல்லல." பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காவிட்டால் அதை இந்த டெஸ்ட் பார்க்கவே பார்க்காது என்றும் விளக்கினார். பிறகு குரல் மாறியது. "நாலு மாசம் பேதி, அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. இதுக்கு முதல்ல இங்கதானே வரணும்? வேற பெரிய வியாதியா இருந்திருந்தா?"

அண்ணிதான், "அவளத் திட்டாதீங்க டாக்டர், எனக்காகத்தான் செஞ்சா" என்றார். அது திட்டைவிட அதிகமாகச் சுட்டது.

மற்ற பரிசோதனைகளில் ரத்தசோகை தவிர ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் பாலை முழுக்க நிறுத்தி, பிறகு ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு வாரமும் வயிறு அமைதி. பதினைந்தாம் நாள் காலை பால் குடித்த ஒரு மணி நேரத்தில் ஃபோன் வந்தது.

"பாப்பா, வயித்துக்குள்ள டிராக்டர் உழுவுது!"

உடம்புக்கு முடியாமல் போனதற்கு இரண்டு பேரும் அப்படிச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

இப்போதைய நிலவரம் இது. அண்ணி மதியம் சோறு சாப்பிடுகிறார். தயிர், மோர், காப்பியில் விடும் கொஞ்சம் பால் ஒத்துக்கொள்கிறது. டம்ளர் பால் மட்டும் கிடையாது. இரும்புச் சத்து மாத்திரை தொடர்கிறது. குறைந்த ஐந்தில் நான்கு கிலோ திரும்பிவிட்டது. அன்பினால் செய்தேன் என்பதற்காக என் தவறு சிறிதாகிவிடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், இப்போது நான் முதலில் மருத்துவரிடம்தான் கேட்கிறேன்.