சிமெண்ட் தரையா, புல் தரையா?

பெரம்பலூரில் நடந்த பைக் விபத்துக்குப் பிறகு என் கணவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று அரியலூர் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கும் ஓர் ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப்போனேன்.

"கூடாரத்த எங்கங்க போடணும்? சிமெண்ட் தரையிலயா, புல்லுலயா?" என்று முகாம்காரர் என்னிடம் கேட்டார்.

"சிமெண்ட்லதாங்க. புல்லுல சக்கரம் உருளாது" என்றேன்.

பக்கத்தில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்த லெப்பைக்குடிகாட்டுக்காரர் ஒருவர் எழுந்து வந்து, என் கணவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்களுக்கு எது வேணும்?"

என் கணவர் புல்வெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "புல்லு" என்றார்.

விபத்துக்குப் பிறகு அவருக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்டதில்லை. நானும்தான்.

"அவ்ளோதானே, வாங்கண்ணே." லெப்பைக்குடிகாட்டுக்காரரும் கூட வந்திருந்த அவர் மச்சானும் என் கணவரைத் தூக்கிப்போய்ப் புல்லில் படுக்கவைத்தார்கள். யார் தூக்கினாலும் முகம் சுளிப்பவர், அன்று இரண்டு கைகளையும் விரித்துப் புல்லைத் தடவினார்.

"ஏய், கையில எறும்பு கடிக்குது!" என்று சத்தமாகச் சிரித்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் குழம்பு வைப்பதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் வைக்கிறேன். பாதி நாள் அதிலேயே சண்டை வருகிறது. வரட்டும்.