மிளகும் தண்ணீரும்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குள் என் விரதத்துக்குப் பெரிய மரியாதை. கலியாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் எனக்கு மிளகும் தண்ணீரும்தான். போதாததற்குச் செவ்வாய், வெள்ளி வேறு. "பிள்ளை வரத்துக்கு இப்பிடிக் கிடக்கிறாள்" என்று பெண்கள் உருகுவார்கள். வரமாவது மண்ணாவது! எனக்குச் சாப்பிடாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பதினேழு வயதிலிருந்தே சோற்றைக் கண்டால் பயம்.

மாதவிடாய் நின்று பதினொரு மாதமாகியிருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவர் தொட்டால் வலிக்கும் என்று சுவர்ப்பக்கம் திரும்பி, நித்திரை போலக் கிடப்பேன். அவரும் ஒன்றும் கேட்கமாட்டார்.

பிள்ளைக்காகச் சோதனை செய்யப் போன இடத்தில் தாதி ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். எலும்பும் தோலுமாய்க் குளிர்ந்திருந்த என் கையைப் பிடித்துப் பார்த்தவர், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஹஸ்பண்ட்கூட இருக்கும்போது வலிக்குதா? ஆசையே வர்றதில்லையா?"

தமிழில் இப்படியொரு கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. "இதெல்லாம் என்ன கேள்வி?" என்று சீறினேன்.

"கேக்க வேண்டிய கேள்விதான். சாப்பாடு இல்லன்னா உடம்பு பீரியடையும் ஆசையையும் நிறுத்திடும். உங்க மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல."

அழுதேன். வெட்கத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்ட அந்தப் பெண்ணை இன்றும் வியக்கிறேன்.

திரும்பும்போது காரில் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வீதியோரம் காரை நிறுத்தினார்.

"அப்ப உமக்கு என்னைப் பிடிக்காமல் இல்லையோ?"

மூன்று வருடமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்த மனிதர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்!

வைத்தியம் தொடங்கியது. தட்டு முன்னால் வந்தால் இன்னும் சோற்றை ஓரமாக ஒதுக்குவேன். அடுத்த சஷ்டிக்குப் பெண்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது கணவர்தான் எடுத்தார். "இந்தமுறை விரதம் நான் பிடிக்கிறன். அவ சாப்பிடட்டும்."

ஒரு நேரத் தேநீர் பிந்தினாலே தலையிடிக்கிற மனிதர், ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருந்தார். எனக்குச் சோறு சமைத்துத் தந்து, நான் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். ஏழாம் நாள், விரதம் முடிக்கும் பாறணைக்கு நான் சமைத்தேன். இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அன்று நானாகவே அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.