இருபதாம் இலக்கத்தை முதலில் படித்த கதை

அந்தப் பியானோவின் மூடியைத் திறந்தால் முதலில் வருவது கருவாட்டு வாசம்தான்...

ஊர்காவற்றுறைத் தீவில் நாங்கள் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம். யன்னலுக்கு வெளியே கடற்கரை. அங்கே மீன் காயும். உள்ளே நானும் சிநேகிதி ஸ்டெல்லாவும் பியானோ முன்னால் காய்வோம். இரண்டாம் உலகப்போர்க் காலம், எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது தொண்ணூற்று மூன்று. அங்கை இங்கை பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஃபிரெண்ட்ஸ்.

எங்களுக்குப் பியானோ பழக்கிய சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் விட்டுப்போனது இரண்டு தடித்த புத்தகங்கள். இரண்டிலும் சொனாட்டாக்கள். சொனாட்டா என்றால் சில பகுதிகள் சேர்ந்த நீளமான பியானோ இசை. இரண்டு புத்தகத்துக்கும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் வரிசையாக ஓர் இலக்கம் போட்டிருக்கும்.

ஒருநாள் மடத்துத் தலைவி மதர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பியானோவைத் தரச்சொல்லி யாழ்ப்பாணத்து மடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

“வாசிக்க ஆளில்லாமல் இங்கை உப்புப் பிடிக்குதாம். பரிசளிப்பு விழாவில ஒரு சொனாட்டா முழுசா வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளையள். இல்லாட்டில் வத்தையில ஏத்திக் கடலால யாழ்ப்பாணத்துக்கு விடுறதைத் தவிர எனக்கு வேறை வழியில்லை.”

எங்களுக்குத் தெரிந்து தீவில் இருந்த ஒரே பியானோ அது. போனால் போனதுதான்.

விழாவுக்கு ஆறு மாதம் இருந்தது. எதை முதலில் படிப்பது?

எனக்கு அப்போதே பொறுமை மட்டு. “பாக்க வடிவா இருக்கிறதை எடுப்பம்” என்றேன். ஸ்டெல்லா பக்கத்து ஊரான நாரந்தனைக்காரி. தவக்காலத்தில் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற பக்தி. அவள் விடவில்லை.

“எடி, இது சிலுவைப்பாதை மாதிரி. மூண்டாம் நிலையை விட்டிட்டு நாலாம் நிலைக்குப் போக ஏலுமோ? ஒண்டிலயிருந்துதான் துவங்க வேணும்.”

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. செபமாலை, சிலுவைப்பாதை, ஞானோபதேசம்... எங்களுக்குத் தெரிந்த எல்லாமே வரிசையாகத்தான் வந்தன. ஒன்றாம் இலக்கம்தான் ஆகச் சுலபம் என்று நானும் நம்பிவிட்டேன்.

ஐயோ, அந்த ஒன்றாம் இலக்கம்!

நான்கு பகுதி. கடைசிப் பகுதியைப் புரட்டிப் பார்த்தால், இடது கை ஓடத் தொடங்கி நிற்கவே நிற்காது. ஐந்து மாதம் மல்லுக்கட்டினோம். முதல் பகுதியையே தாண்டவில்லை. ஒன்றே இப்படியென்றால் மற்றவை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் இரண்டாம் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாரி தொடங்கியது. புத்தகங்கள் இரண்டும் ஓதம் பிடித்துவிட்டன. வெயில் எறித்த ஒரு காலையில் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டோம். காற்றுக்குப் பக்கங்கள் புரண்டன. ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

“எடி, இஞ்சை வா! இது என்னடி, இவ்வளவு வெள்ளையாக் கிடக்கு?”

இரண்டாம் புத்தகத்தில் இருபதாம் இலக்கம். இரண்டே பகுதி. பக்கத்தில் கறுப்புச் சுரக்குறிகள் குறைவு, வெற்று வெள்ளை அதிகம். அதற்கு முன்னால் கிடந்த பத்தொன்பதாம் இலக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். ஓடிப்போய் வாசித்துப் பார்த்தோம். கை தானாகவே போனது! ஐந்து மாதம் வீணாய்ப் போன கோபத்தில் ஸ்டெல்லாவின் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விழாவில் முதல் பகுதியை அவள் வாசித்தாள், இரண்டாவதை நான். நடுவில் ஒரு கட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டது. அதை விரலால் கிளப்பிக் கிளப்பி வாசித்து முடித்தேன். சனம் கைதட்டியது. மதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இது எத்தினையாம் சொனாட்டா பிள்ளை?”

“இருபது, மதர்.”

“இருபதோ! அப்ப முதல் பத்தொன்பதையும் படிச்சு முடிச்சிட்டீங்களோ?”

“ஓம் மதர்” என்றேன் நான்.

ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். ஆனால் அதற்குள் சொல்லியாயிற்று. இப்படிப்பட்ட பிள்ளைகளிடமிருந்து பியானோவைப் பிரிக்க ஏலாது என்று மதர் அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். பியானோ நின்றது!

சனிக்கிழமை ஸ்டெல்லா என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிக்கு அப்பால் சுவாமியார் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது.

“சொன்ன பொய்யை உண்மையாக்கிறதுதான் உமக்கு அபராதம். பத்தொன்பதையும் படிச்சு முடியும்.”

பேசாமல் நின்ற குற்றத்துக்கு ஸ்டெல்லாவுக்கும் அதே அபராதம்.

இப்போது ரொறன்ரோவில் என் பேத்தியின் மகள் ஐபேடைப் பார்த்துப் பியானோ பழகுகிறாள். எதற்குப் பிறகு எது என்று ஆப் ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறது. லிஸ்டின் முதலில் இருபது, அடுத்தது பத்தொன்பது! அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதமும் ஒரு மழையும் தேவைப்பட்டது. சிரிப்பு வந்தது, கூடவே ஸ்டெல்லாவின் ஞாபகமும் வந்தது.

கலியாணம் முடித்து மலாயாவுக்குப் போனவள் அவள். கடிதத்தின் கடைசி வரியில் ஓர் இலக்கம் மட்டும் எழுதுவாள். ஏழு... பிறகு எட்டு... பிறகு பதினைந்து. ஒருநாள், “பத்தொன்பதும் முடிஞ்சுது. நான் மோட்சத்துக்குப் போவன். உன்ரை பாடு என்ன?” என்று எழுதியிருந்தாள்.

போன வருடம் போயே விட்டாள்.

நான் பதினொன்றோடு நிற்கிறேன். இந்த வயதில் இதயம் எப்படி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று டொக்டர் ஆச்சரியப்படுகிறார். அவருக்கு என்ன தெரியும்... எனக்கு இன்னும் எட்டு சொனாட்டா கிடக்கிறது.