சனிக்கிழமைச் சீட்டு

நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அவளுக்கு விசிலக்கா என்று பெயர். பதினெட்டு வருடமாக அதே குளம், அதே குளோரின் வாடை, கழுத்தில் அதே விசில். நேர விஷயத்தில் மட்டும் மகா கறார். சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஐம்பது மீட்டர் நீந்திய நேரத்தைச் சீட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, "அக்கா, ரெண்டு செகண்ட் குறைச்சு எழுதுங்களேன்" என்று கெஞ்சினாள். இந்த வயசிலேயே தில்லுமுல்லா என்று கடிந்துகொண்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள் விசிலக்கா. அன்று முழுக்கத் தன் நேர்மையைப் பற்றிக் கொஞ்சம் பெருமை வேறு.

இந்தத் திங்கட்கிழமை அதே பெண் குளத்து ஏணியில் ஏறும்போது, முழங்காலுக்குப் பின்னால் பெல்ட் அகலத்துக்கு மூன்று தடிப்புகள். விழுந்துவிட்டேன் என்றாள். யாரும் அப்படி விழ முடியாது. இரண்டு நாள் முன் கொடுத்தனுப்பிய சனிக்கிழமைச் சீட்டில் அவளுடைய நேரம் கூடியிருந்தது விசிலக்காவுக்கு நினைவுக்கு வந்தது.

மேனேஜரிடம் போனாள். பெண்ணின் அப்பா அவருக்கு மச்சான். தங்கமான மனுஷன், வரப்போகிற நீச்சல் போட்டி முடியட்டும், நானே பக்குவமாக விசாரிக்கிறேன் என்று மழுப்பினார். இவர் விசாரித்தால் அன்றைக்கே பிள்ளைக்கு இரண்டு மடங்கு அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். பயிற்சியாளர்களுக்கு நடந்த குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பில் சொல்லிக் கொடுத்ததையும் அவள் மறக்கவில்லை: சந்தேகம் வந்தாலே புகார் செய்ய வேண்டும், மேலதிகாரியிடம் சொன்னதோடு சட்டக் கடமை தீராது.

"உங்க வேலையையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்றார் மேனேஜர்.

"அதைத்தான் சார் நெனைக்கிறேன்."

உடை மாற்றும் அறையில் நின்றபடியே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கிருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது.

"தடிப்பை இன்னிக்குத்தான் பாத்தேன். ஆனா ரெண்டு மாசம் முன்னாடியே அந்தப் புள்ள நேரத்தை மாத்தி எழுதச் சொல்லி கெஞ்சுச்சு. ஏன்னு நான் கேக்கல. அதையும் எழுதிக்கோங்க."

மேனேஜர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் சீட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, அதிகாரிகள் சித்தி வீட்டில் தங்கவைத்திருந்த அந்தப் பெண் குளத்துக்கு வந்தாள். நீந்தி வந்து சுவரைத் தொட்டவள், மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவுக்கா?"

"நான் பாக்கலடி" என்றாள் விசிலக்கா. "நல்லா மூச்சு வாங்கிக்கோ."