நாலு மழை நாளும் ஓர் அப்பீலும்

அக்கா வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் குடையைப் பிடுங்கி அவர் முதுகிலேயே போட்டார். குடை உடைந்தது. முதுகுக்கு ஒன்றும் இல்லை. பதுளை கோர்ட்டில் ரெண்டு மாசம் ஜெயில் போட்டார்கள். ஐம்பதுகளின் நடுவில், மழை தொடங்கின நேரம் அது.

அக்கா அப்போது நிறைமாசம். அப்பீல் போட்டால் பிணையில் வரலாம், பிள்ளை பிறக்கும்போது மச்சான் வீட்டில் இருக்கலாம் என்றார் புரக்டர் ஐயா. எங்கள் வக்கீல், யாழ்ப்பாணத்து ஆள். அப்பீலுக்குத் தவணை பத்து நாள்தான், அதற்குள் பிணைக்கு ஆளோடு வரச் சொன்னார். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் பெரிய கணக்கன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

தோட்டத்தில் வேலை செய்த நாளுக்குத்தான் செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் பேர் விழும். மழை வந்து பாதியில் அனுப்பினால் அரைப் பேர். ரெண்டு அரை சேர்ந்தால்தான் ஒரு நாள். எனக்கு நாள் என்றால் அதுதான். ஞாயிறை விட்டேன். மழை விழுந்த நாலு நாளை ரெண்டாக்கினேன். என் கணக்கில் ஒன்பது நாள் ஆனதும் பத்தாம் நாள் விடிய பிணைக்காரரோடு பஸ் ஏறினேன். சொன்ன நாளுக்குப் போகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

புரக்டர் ஐயா காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எப்படி எண்ணினாய் என்று கேட்டார். சொன்னேன்.

"ஞாயிறைக் கழிக்கச் சட்டமே சொல்லுது. மழையைக் கழிக்க ஆர் சொன்னது?"

ரெண்டு நாள் பிந்திவிட்டது. கொழும்புக்கு வேறு மனு போடலாம், ஆனால் அது வருவதற்குள் மச்சானே வந்துவிடுவார் என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்காக அடக்கிக்கொண்டார்.

அக்காவிடம் சொன்னேன். பிணைக்காரர் கூட வந்திருந்ததால் ஏசவில்லை. "இவன் கணக்குப்படி பிறக்கணும்னா பிள்ளை இன்னும் ரெண்டு மாசம் உள்ளேயே இருக்கணும்" என்று அவரிடம் சொன்னாள். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

தீர்ப்பு வந்த மூணாம் வாரம் பையன் பிறந்தான். சொல்ல ஜெயிலுக்குப் போனேன். மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"தீட்டுக் கழிக்க நாள் யார் குறிக்கிறது?"

அக்கா என்றேன்.

"நல்லது மாப்பிள. நீ தூர நில்லு."

அவர் வெளியே வந்தபோது பையனுக்கு ஒரு மாசம் தாண்டியிருந்தது. எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினார். காலைக் கழுவிட்டு வாங்க என்றாள் அக்கா. கழுவிவிட்டு வந்து வாங்கினார். பையன் புது முகத்தைப் பார்த்துக் கத்தினான். அவர் கீழே விடவில்லை.

அக்கா உள்ளே போய் ரெண்டு தட்டு வைத்தாள். ஒன்று எனக்கு.